பெரிய ப்ரொப்பெல்லர், மெதுவான மோட்டார்

மூக்கில்லாத விமானம் ஒன்று சோபாவில் மல்லாந்து கிடந்தது. அதற்கு எந்த மோட்டார் என்று முடிவாகாததால் அந்த வீட்டில் யாருக்கும் உட்கார இடமில்லை.

ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலமான ரேடியோ விமானம் அது. பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் அதைச் செய்தவருக்கு முகம் சுருங்கிவிடும். தக்கை போன்ற பல்சா மரத்தை விலா விலாவாக வெட்டி ஒட்டி, மேலே மெல்லிய படலத்தை இழுத்துச் சூடுகாட்டி, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செய்தது. தரையில் நின்று கையிலிருக்கும் பெட்டியின் இரண்டு குச்சிகளை அசைத்தால் வானத்தில் அது கரணம் போடும், தலைகீழாகப் போகும், செங்குத்தாக ஏறி மேலேயே புரண்டு இறங்கும்.

செய்வது அவர். ஓட்டுவது மனைவி. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்வது அவர் தொழில். அதனால் விமானத் திடலில் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர். அவரும் ஒரு காலத்தில் ஓட்டிப் பார்த்தார்தான். ஓட்டியதெல்லாம் மண்ணுக்குள் மூக்கைப் புதைத்தன. ஒருநாள் எரிச்சலில் குச்சிப் பெட்டியை மனைவி கையில் திணித்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற கை அது. விமானம் அடங்கி ஒடுங்கி ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்து இறங்கியது. அன்றிலிருந்து அவள் பைலட்டம்மா.

இத்தனை வருஷமாக எல்லாம் எண்ணெய் ஊற்றும் இன்ஜின்தான். திடலைச் சுற்றி அடுக்குமாடிகள் எழுந்த பிறகு வம்பு வந்தது. சத்தம் தாங்கவில்லை, குழந்தை தூங்கவில்லை என்று புகாருக்கு மேல் புகார். கடைசியில் சங்கத்தில் கூடிப் பேசி, இனி மின்சார மோட்டார் மட்டும்தான் என்று முடிவெடுத்துவிட்டார்கள். கோடைப் போட்டிக்கும் அதே விதி.

மற்றவர்கள் இரண்டொரு நாள் முணுமுணுத்துவிட்டு எதையோ வாங்கி மாட்டிக்கொண்டார்கள். இவருக்குத்தான் முடியவில்லை. காரணம் இருந்தது. போன போட்டியில் செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தபோது உச்சியில் இன்ஜின் இருமி நின்றுவிட்டது. விமானம் அப்படியே பின்பக்கமாகச் சரிந்து புதருக்குள் விழுந்தது. துண்டுகளைப் பொறுக்கி மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் மறுநாளே அதை மனதிலிருந்து விட்டுவிட்டாள். அவர் விடவில்லை. ஏறும்போது மறுபடி இழுவை போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மின்சாரத்தில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இடித்தது. வேகமாகச் சுற்றும் மோட்டாருக்குச் சின்ன ப்ரொப்பெல்லர்தான் தோது. பெரியதை மாட்டினால் மின்சாரத்தை மூச்சுமுட்டக் குடித்துச் சூடேறிக் கருகிப்போகும். மெதுவாகச் சுற்றும் மோட்டார் பெரிய ப்ரொப்பெல்லரைத் தாங்கும், ஆனால் அதற்கு வோல்டேஜ் கூடின பேட்டரி வேண்டும். பேட்டரி பெரிதானால் கனம். கனம் கூடினால் இன்னும் பலமான மோட்டார். சுற்றிச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றார். சாப்பாட்டுத் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். பல்லுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் விமானத்தின் மூக்கை அளந்தார். ஒரு மருத்துவருக்குக் கீழ்த்தாடை செட்டுக்குப் பதில் மேல்தாடையை அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

“கேளுங்க மாமா, மோட்டார் எதுவா வேணா இருக்கட்டும். பேட்டரி மட்டும் ரெண்டு மடங்கு பெருசாப் போடுங்க” என்றான் மைத்துனன். மனைவியின் தம்பி, லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எட்டுப் பேர் ஏறும் லிஃப்ட்டில் பதினாறு பேரை நினைத்துக் கயிறு கட்டும் ஊரிலிருந்து வந்தவன் போல எப்போதும் பேசுவான்.

“ரெண்டு மடங்கு போட்டா அது பறக்காது மாப்ளே, உருளும்.”

“பாதியில நிக்கறதுக்கு உருளறது மேல்.”

“நான் வேகமான மோட்டார் போடப்போறேன். குச்சியைத் தள்ளினா ராக்கெட் மாதிரி ஏறணும். யோசிக்கவே நேரம் இருக்கக் கூடாது.”

“யாருக்கு? அக்காவுக்கா, உங்களுக்கா?”

அவர் வாசல் பக்கம் திரும்பினார். மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். குனிந்து ஷூ மாட்டியபடி ஏதோ சொன்னாள். “சரி, சரி, சாயங்காலம் பேசலாம்” என்றார். சாயங்காலம் அவரே கடைக்குப் போய் வேகமான மோட்டாரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பணியில் இருந்தாள். சாப்பாட்டு மேசையின் காலில் விமானத்தின் வாலைக் கயிற்றால் கட்டி, மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தார்கள் மாமனும் மைத்துனனும். முதல் ப்ரொப்பெல்லருக்கு மீட்டர் முள், மோட்டார் தாங்கும் அளவைத் தாண்டி ஓடியது. கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்று மாட்டினார். அறை முழுக்கக் காற்று. காலண்டர் பறந்து போய் அடுப்பு மேல் விழுந்தது. இரண்டு பேருக்கும் சின்னப் பையன்கள் மாதிரிச் சிரிப்பு. மோட்டாரை நிறுத்திவிட்டு, அது சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கக் குனிந்தார். பேட்டரியைப் பிடுங்கவில்லை. மேசை ஓரத்தில் குச்சிப் பெட்டி இருந்தது. முழங்கை குச்சியில் பட்டது.

பழைய இன்ஜின் என்றால் ப்ரொப்பெல்லரைக் கையால் சுண்டி உயிர் கொடுக்க வேண்டும். சத்தம் நின்றால் செத்துவிட்டது என்று அர்த்தம்; நம்பிக் கை வைக்கலாம். அந்தப் பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது. மோட்டார் சும்மா இருக்கும்போதும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இடது கையில் இரண்டு விரலும் புறங்கையும் கிழிந்தன. முதலில் வலிக்கவில்லை. மேசை விரிப்பு சிவந்ததைப் பார்த்த பிறகுதான் வலித்தது. மைத்துனன் துண்டைச் சுற்றிக் கையை உயர்த்திப் பிடித்தான். மறுகையால் போனை எடுத்தான்.

“ஆம்புலன்ஸ் மட்டும் கூப்பிடாதே.”

“என்ன மாமா பேசறீங்க?”

“கூப்பிட்டா உங்க அக்காதான் வருவா. காரை எடு.”

காரில்தான் போனார்கள். மருத்துவமனை வாசலில் ஒரு ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்துவைத்துப் படுக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அவள். இவர்கள் இறங்கியதைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். எந்த நோயாளியைப் பார்த்தாலும் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது முகம்.

“விரல் அசையுதா? அசைச்சுக் காட்டுங்க.”

அசைத்தார்.

“எல்லா விரலும்.”

எல்லாவற்றையும் அசைத்தார். பிறகு அவள் தம்பியிடம் திரும்பினாள். “பேட்டரியப் புடுங்காம கை வெச்சாரா?”

தம்பி தரையைப் பார்த்தான். அவள் அவரை உள்ளே அழைத்துப் போய் உட்காரவைத்தாள். தையல் போட்டு முடிந்து வெளியே வந்தபோது தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தாள். குடிக்கப் போன டம்ளரிலிருந்து பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியிருந்தது. அவர் பார்த்ததைப் பார்த்ததும் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வண்டிக்குப் போனாள்.

கைக்கட்டோடு பல்செட் வேலை பார்க்க முடியவில்லை. இரண்டு கையும் வேண்டிய தொழில். ஒரு கை பிடிக்க, ஒரு கை செதுக்க. சும்மா இருக்கச் சொன்னார்கள் மருத்துவர்கள். அவரிடம் போய் அதைச் சொன்னார்கள். காலையில் எழுந்து விமானத்தைச் சோபாவிலிருந்து கட்டிலுக்கு மாற்றினார். மத்தியானம் கட்டிலிலிருந்து சோபாவுக்கு மாற்றினார். மைத்துனன் வேலை முடிந்து வந்து ஒயர்களைப் பற்றவைக்கும்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “ஈயம் ஜாஸ்தி… இப்ப கம்மி… கையை எடு, இல்ல, வை” என்று உயிரை எடுத்தார்.

“மாமா, ஒரு கையிலயே இந்தப் பாடு படுத்தறீங்க” என்றான் அவன்.

“மோட்டாரை மாத்தலாமா?” என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

“இவ்வளவு நடந்ததுக்கு அப்புறமா? இதுதான். இதுல மாத்தமில்ல” என்றார். ரத்தம் கொடுத்து வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதா என்ற வீம்பு.

தையல் பிரித்த வாரத்தில் திடலுக்குக் கொண்டுபோனார்கள்.

அவள் ஓட்டும்போது அவர் பார்ப்பதில்லை. பார்க்கத் தைரியமில்லை. காருக்குள் முதுகைத் திருப்பி உட்கார்ந்து காதால் கேட்பார். இன்ஜின் முக்கினால் ஏறுகிறது, இளகினால் இறங்குகிறது, வட்டமாக வந்தால் கரணம். அப்படியே ஒரு பறத்தல் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டே பார்த்துவிடுவார். அன்றும் போய்க் காரில் உட்கார்ந்தார். காதைத் தீட்டினார். ஒரு விர்ர் என்ற சத்தம் கிளம்பித் தூரத்தில் கரைந்தது. அவ்வளவுதான். பிறகு காற்று. எங்கேயோ ஒரு நாய். அடுக்குமாடியில் யாரோ விரிப்பை உதறுகிறார்கள். விமானம் எங்கே இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

மேலே பார்த்தார். ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஆசைப்பட்டபடியே, அம்பை எய்த மாதிரி. “போ, போ” என்று வாய்க்குள் சொன்னார். உச்சியில் புரண்டு மூக்கைக் கீழே திருப்பியது. பிறகு அது இறங்கவில்லை, விழுந்தது. வேகம் கூடிக்கொண்டே வந்தது. தரைக்குமேல் அவள் வெடுக்கென்று நிமிர்த்தியபோது இறக்கைகள் வளைந்தது அவருக்குத் தெரிந்தது. அடுத்த கரணம் ஒரு பக்கம் நீண்டு முட்டை மாதிரி வந்தது. அதற்கடுத்ததும் முட்டைதான்.

அப்புறம்தான் அவளைப் பார்த்தார். ஓட்டும்போது அவள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. தாடை இறுகிக் காதுக்குக் கீழே தசை கட்டி மாதிரிப் புடைத்திருந்தது. பற்களை அரைக்கிறாள். இப்படி அரைக்கிறவர்களின் பற்கள் எப்படித் தேய்ந்து வரும் என்று அவருக்கு அச்சைப் பார்த்தே தெரியும். இது சுகமாக ஓட்டுகிறவளின் முகமில்லை.

இறக்கிவிட்டு வந்தாள். பேட்டரியைப் பிடுங்கித் தனியே வைத்தாள்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இழுக்குது.”

“அதை நான் பாத்தேன். உனக்கு எப்படி இருக்கு?”

அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். “ஏறும்போது எனக்கு முன்னாடி ஓடுது. இறங்கும்போது என்னைக் கேக்காம ஓடுது. ஒவ்வொரு தடவையும் கீழே துரத்திட்டுப் போய்ப் பிடிக்க வேண்டியிருக்கு. வண்டியில பிரேக் இல்லாத மாதிரி.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேங்க. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே வேகம் வேணும், அது போதும்னு சொன்னேன். ஷூ மாட்டிட்டு இருந்தப்போ.”

மைத்துனன் வானத்தில் எதையோ தேடுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“போன வருஷம் ஏறும்போது விழுந்துச்சு. அதனால ஏறுறதுக்கு மட்டும் மோட்டார் வாங்கிட்டீங்க” என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். “விழுந்தது எனக்கும்தான் கஷ்டம். ஆனா அதுக்காக இப்படிப் பயந்து பயந்து பறக்க முடியாது. இதுதான்னா, இந்தப் போட்டி வேண்டாம்.”

புல்லில் உட்கார்ந்துவிட்டார். எப்போதும் பரபரக்கிறவர் இப்படி உட்கார்ந்ததும் அவளுக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது. “கை வலிக்குதா?” என்றாள்.

“இல்ல. நீயும் உக்காரு. முதல் கரணத்துலேருந்து சொல்லு. எங்க வேகம் வேணும், எங்க வேண்டாம். ஒண்ணு விடாம.”

அவள் உள்ளங்கையை விமானமாக்கிக் காட்டிக்காட்டிச் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. பேசாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு பாடு என்று காலாட்டலில் தெரிந்தது. சொல்லி முடித்தபோது, இத்தனை வாரமாகத் தலைக்குள் சுற்றிய கேள்வி வேறு கேள்வியாகியிருந்தது. எது பலமாக இழுக்கும் என்பதல்ல, எது பிடித்துக்கொள்ளும் என்பது. மெதுவாகச் சுற்றும் மோட்டார், பெரிய ப்ரொப்பெல்லர். ஏறும்போது அகலமாகக் காற்றை அள்ளி நிதானமாக இழுக்கும். இறங்கும்போது மோட்டாரைத் தணித்தால் அந்த அகலமே தட்டு மாதிரிக் காற்றைத் தடுத்து வேகத்தை அடக்கும்.

“அப்ப பேட்டரி பெருசு வேணும்ல?” என்றான் மைத்துனன் ஆவலாக.

“வோல்டேஜ்தான் கூடணும். கனம் கூடாது. ஓடுற நேரம்தான் குறையும்.”

“எவ்வளவு நேரம் ஓடும்?”

“போட்டிக்கு ஓடும். கொஞ்சம் மிஞ்சும்.”

“கொஞ்சம்னா?”

“கொஞ்சம்னா கொஞ்சம்தான்டா” என்றாள் அக்கா. “அதுக்கு மேல என் கையே ஓடாது.”

கடைக்காரர் புது மோட்டாரைத் திரும்ப எடுத்துக்கொள்ள முதலில் மறுத்தார். பல்லுக்காரரின் கைத்தழும்பைப் பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தார். பெரிய ப்ரொப்பெல்லர் தரையில் இடித்தது. சக்கரக் கால்களைக் கழற்றிவிட்டு நீளமாகச் செய்ய வேண்டியிருந்தது. கம்பியை அவர் வலக்கையால் வளைக்க, மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். இந்த முறை ப்ரொப்பெல்லர் இல்லாமல்தான் முதலில் பேட்டரி சொருகினார்கள். மேசையைச் சுற்றி மூன்று பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

போட்டியன்று காற்று குறுக்கே அடித்தது. ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் நின்று அடுத்தது என்ன வித்தை என்று சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். அது எப்போதும் மைத்துனன் வேலை. காலையில் போன் வந்தது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள், வர முடியாது.

“நீங்க நில்லுங்க” என்றாள்.

“நானா? நான் உன்னைக் கெடுத்துருவேன்.”

“வேற ஆள் இல்ல. வாங்க.”

நின்றார். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. இரண்டாவது வித்தை முடிவதற்குள் மூன்றாவதைச் சொல்லிவிட்டார். நான்காவதைச் சொல்ல மறந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மூச்சு விடுங்க” என்றாள் அவள், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். விட்டார். அதற்குப் பிறகு கொஞ்சம் சரிப்பட்டது. விமானம் காற்றில் சாய்ந்து நடந்தது. ஏறியது, நின்று புரண்டது, அடங்கி இறங்கியது. கரணம் கரணமாக இருந்தது. அவள் தாடையை ஓரக்கண்ணால் பார்த்தார். தளர்ந்திருந்தது.

காற்றோடு மல்லுக்கட்டியதில் எதிர்பார்த்ததைவிட மின்சாரம் செலவாகியிருந்தது. கடைசி வித்தைக்கு முன்னால் குச்சிப் பெட்டி கீச்கீச் என்று எச்சரிக்க ஆரம்பித்தது. கடைசி வித்தைதான் செங்குத்தாக ஏறுவது. விட்டுவிட்டு இறக்கினால் விமானம் பத்திரம். அந்த வித்தைக்குப் புள்ளி கிடையாது. ஏறி, உச்சியில் மோட்டார் சோர்ந்தால் மறுபடி புதர்தான்.

“இருக்கா?” என்றாள்.

பேட்டரியைத் தேர்ந்தெடுத்தது அவர். எடை போட்டது, அளந்தது, இரண்டு மனதாக அலைந்தது எல்லாம் அவர். இப்போது நடந்துபோய் யோசிக்க ஜன்னல் இல்லை. விமானம் திரும்பி அவர்கள் எதிரே வந்துகொண்டிருந்தது.

“இருக்குங்களா?”

“இருக்கு. ஏத்து.”

ஏற்றினாள். மூக்கு வானத்தைப் பார்த்தது. மேலே போகப் போகச் சின்னதாகி, மெதுவாகி, மெதுவாகியும் நிற்காமல் போனது. கைக்கட்டு இருந்த இடத்தைத் தன்னையறியாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். உச்சியில் ஒரு முழுப் புரளல் புரண்டது, மூக்கைக் கவிழ்த்தது, பெரிய ப்ரொப்பெல்லர் காற்றைத் தாங்கிக்கொள்ள, படியில் இறங்குகிற மாதிரி இறங்கி வந்தது. ஓடுபாதைக்குத் திரும்பும்போது மோட்டார் தளர்ந்துவிட்டது. மிதக்கவிட்டுத்தான் இறக்கினாள். நீளக்கால்கள் புல்லில் ஒருமுறை துள்ளி நின்றன.

மூன்றாவது இடம் கிடைத்தது. முதலிடத்துக்காரர் வந்து கை குலுக்கி, என்ன மோட்டார், என்ன ப்ரொப்பெல்லர் என்று விசாரித்தார். பல்லுக்காரர் அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, “அவங்களைக் கேளுங்க, அவங்க கேட்டதுதான்” என்றார்.

அவள் காரின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தம்பி போனில் கத்திக்கொண்டிருந்தான். லிஃப்ட்டிலிருந்து எல்லாரையும் இறக்கிவிட்டானாம், இங்கே என்ன ஆயிற்று என்று கேட்டான். போனைக் கணவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் ஒரு பலத்த காற்று வந்து புல்லில் நின்ற விமானத்தின் ஓர் இறக்கையைத் தூக்கியது. போனை அவள் மடியில் போட்டுவிட்டு ஓடினார். பேட்டரி பிடுங்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, தழும்பு மறையாத கையை இறக்கை மேல் விரித்து வைத்து அழுத்திக்கொண்டார்.

“விட்டுட்டு வந்து சாப்பிடுங்க” என்றாள் அவள்.

“நீ சாப்பிடு. காத்து அடங்கட்டும்.”

அது அடங்குகிறதாக இல்லை. அவள் பாதி ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்து, மறுபக்க இறக்கையருகே உட்கார்ந்தாள்.